கொள்ளுப்பாட்டிகளின் பெயரை மீட்டுத் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து வளர்ந்த சீன வம்சாவளி இளம்பெண்கள் தங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயரைத் தேடி வந்தபோது கைகொடுத்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குழுவின் நன்றி.

அவர்கள் கையில் பெரும்பாலும் இருப்பது ‘வோங் ஷீ’, ‘லீ ஷீ’ என்று ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பழைய தாள். ‘ஷீ’ பெயரல்ல, இன்ன குலத்தில் பிறந்தவள் என்று சொல்லும் ஒட்டு. அதிகாரிகள் அதையே பெயராகப் பதிந்துவிட்டார்கள். புகுந்த வீட்டுப் பெயரையும் நம்ப முடியாது. சீனர் அமெரிக்காவில் குடியேறுவதைப் பெரிதும் தடுத்த சீனர் விலக்குச் சட்டம் 1882 முதல் 1943 வரை இருந்தது. 1906 நிலநடுக்கத் தீயில் நகரத்துப் பிறப்புப் பதிவுகள் எரிந்தபின், இங்கேயே பிறந்த குடிமகன் என்ற கூற்றைச் சரிபார்க்க வழியில்லாமல் போக, அப்படிச் சொன்ன இன்னொருவர் மகனாகக் காகிதத்தில் மாறி வந்த ‘காகித மகன்கள்’ ஏராளம். அந்தப் பெயரைத்தான் பேத்திகள் இன்றும் சுமக்கிறார்கள். சொந்த ஊர்க் குலமரபு ஏடுகளோ மகள்களின் பெயரைப் பொதுவாக எழுதியதே இல்லை.

சான் பிரான்சிஸ்கோவை அடுத்த கோல்மா ஊரின் இடுகாடுகளில் கல்லெழுத்துப் படித்துச் சொன்ன பெரியவர்களே, ஒரே கல்லில் ஆங்கிலத்தில் காகிதப் பெயரும் சீனத்தில் உண்மைக் குலப்பெயரும் ஊரும் இருப்பதைக் காட்டியவர்கள் நீங்கள். சீனக் குடியரசின் ஆண்டுக்கணக்கில் ‘குடியரசு 20’ என்றிருந்தால் 1911ஐக் கூட்டி 1931 என்று கொள்ளவும் சொல்லித் தந்தீர்கள். மங்கிய எழுத்தின்மேல் சுண்ணக்கட்டி தேய்த்தால் கல் கெடும். சாய்வெயிலில் படமெடுத்தாலே எழுத்து தெளியும் என்றதும் நீங்கள்தான்.

சான் புரூனோ தேசிய ஆவணக் காப்பக ஊழியர்களுக்கு நாங்கள் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஏஞ்சல் தீவுக் குடிவரவு நிலையத்தில் 1910 முதல் 1940 வரை நடந்த விசாரணைகளின் கோப்புகள் அங்கே இருக்கின்றன. மனைவியின் கோப்போடு நிற்காமல் கணவன், மகன், கொழுந்தன் கோப்புகளையும் எடுத்துப் பார்க்கச் சொன்னீர்கள். ‘உனக்கு என்னென்ன பெயர்கள்?’ என்ற கேள்விக்கான பதிலில்தான் பல பெண்களின் சொந்தப் பெயர் கிடைக்கிறது. வீட்டு வாசல் எந்தத் திசை, அரிசி வைக்கும் இடம் எது என்ற கேள்விகளிலிருந்து ஊரையே வரைந்துவிடலாம். ஆனால் காகித மகனின் கோப்பில் வரும் தாய் அவனைப் பெற்றவள் அல்ல. கல்லோடு ஒப்பிடாமல் எதையும் ஏற்காதீர்கள் என்று நீங்கள் எச்சரித்திராவிட்டால், யாரோ ஒருத்தியின் பெயரைப் பேத்திகளிடம் கொடுத்திருப்போம்.

தென்சீனத்துத் தைஷான் வட்டாரப் பேச்சு அறிந்த மூதாட்டிகளே, காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப்பெயர், பொதுச் சீனமான மாண்டரின் உச்சரிப்பில் எழுதிய வரைபடத்தில் அகப்படாது. நாங்கள் உரக்கப் படிக்க, அது இன்ன எழுத்தாக இருக்கும் என்று சொன்னீர்கள். ‘ஆ லிங்’ என்பதில் ‘ஆ’ உரிமையோடு அழைக்கும் முன்னொட்டு என்பதும், ‘வோங்’ மாண்டரினில் ஹுவாங்காகவோ வாங்காகவோ இருக்கலாம் என்பதும் உங்களிடம் கற்றவை.

பேத்திகளில் சிலர் காகிதக் குலப்பெயரை அப்படியே விட்டு, கொள்ளுப்பாட்டியின் பெயரைத் தங்கள் அமெரிக்கப் பெயருக்கு நடுவே சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் வரும், முன்னோர் கல்லறைகளை வணங்கும் சிங்மிங் நாளில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கல்லறையில் படையல் வைக்கப்போகிறார்கள். நீங்களும் வந்து உடன் நிற்க வேண்டும்.

நன்றியுடன்,
பெயர் தேடும் குழுவினர்