இரட்டைச் சாவி

உ
மன்னார்குடி
கார்த்திகை 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். மழைக்கு அம்மாவின் முழங்கால் கொஞ்சம் படுத்துகிறது. மற்றபடி ஒன்றுமில்லை. கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். தீபாவளி முடிந்து 36 நாளில் உன்னிடமிருந்து 11 முறை 'நலம்' என்று வந்திருக்கிறது. எண்ணினேன், பழக்கதோஷம். 'நலம்' என்பதற்குப் பதிலாக 'நலம்' என்றுதான் எழுத முடிகிறது. அதனால்தான் காகிதம்.

ஒரு காரியமாகவும்தான் எழுதுகிறேன். சித்தப்பா பையன் கடைசி வருடத்தில் இருக்கிறான் அல்லவா, அவனுக்கும் உன் சைபர் பாதுகாப்புத் துறைக்கு வர வேண்டுமாம். திருச்சியில் ஒரு பயிற்சி நிலையம் ஆறு மாதத்துக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறது, வேலைக்கு உத்தரவாதம் என்கிறது. 'பாப்பாவைக் கேட்டுச் சொல்லுங்கள் அண்ணா' என்று சித்தப்பா வந்து நின்றான். உன்னைக் கேட்காமலேயே பாதி பதிலை நானே சொல்லி அனுப்பிவிட்டேன். தப்பிருந்தால் திருத்து.

'உன் அக்கா ஒன்றரை லட்சம் கொடுத்துப் போகவில்லை' என்றேன். மாடியில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டாய். போட்ட வேகத்தில் நான் அதில் போட்டு வைத்திருந்த வருங்கால வைப்பு நிதிக் கணக்கையும் சேர்த்து அழித்தாய், அது வேறு கதை. அந்த வருடம் முழுக்க அடுப்படியில் நீ உட்கார்ந்திருப்பாய், நான் நோட்டைப் பிடித்துக்கொண்டு போர்ட் எண்களை, அதாவது கம்ப்யூட்டரின் எந்த வாசலில் எந்தச் சேவை என்பதை, வாய்ப்பாடு மாதிரி கேட்பேன். 22? எஸ்எஸ்எச். 53? டிஎன்எஸ். 443? எச்டிடிபிஎஸ். 3389 என்றால் மட்டும் நாக்கைக் கடித்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்ப்பாய். தூரத்திலிருந்து விண்டோஸ் கம்ப்யூட்டருக்குள் நுழைகிற வாசல் அது, இணையத்தைப் பார்க்கத் திறந்து போட்டால் திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி என்று நீதான் விளக்கினாய். எனக்கு இன்றைக்கும் அந்த எண்கள் மறக்கவில்லை. உனக்கு ஒன்று மறந்தால் அப்பாவைக் கேள்.

அவனிடம் சொன்னது இதுதான்: முதலில் நெட்வொர்க் எப்படி ஓடுகிறது என்று படி, லினக்ஸில் கை பழகு, கம்ப்யூட்டர் தானே எழுதி வைக்கும் பதிவேடான லாகை வரி வரியாகப் படிக்கிற பொறுமையை வளர்த்துக்கொள், சான்றிதழ் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவன் காதில் ஏறியதா என்று தெரியவில்லை. எடுத்த எடுப்பில் 'ஹேக்' செய்ய வேண்டும் என்கிறான். பக்கத்து வீட்டு வைஃபையை உடைத்துப் பார்த்ததாகப் பெருமையாகச் சொன்னான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம் என்று சொன்னேன், முகம் சுருங்கியது. சொந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை உருவாக்கி அதைத் தாக்கிப் பழகு என்று நீ செய்ததைச் சொன்னேன். உன்னிடம் பேசுவான். கடிந்துகொள்ளாமல் பேசு. எந்தப் பயிற்சி செய்தாலும் தேதி, நேரம் போட்டு எழுதி வைக்கச் சொல்.

நீயும் எழுதி வை.

நீ இந்த வேலைக்குப் போனபோது நான் பேசியதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. பேங்க் பரீட்சை எழுது, ராத்திரி முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது கூர்க்கா வேலை என்றேன். கூர்க்காவைத் தாழ்த்திச் சொன்னதே தப்பு. போன மாதம் ஓய்வுபெற்றோர் சங்கக் கூட்டத்தில் 'என் பெண் பெங்களூரில் சைபர் பாதுகாப்பில் இருக்கிறாள்' என்று யாரும் கேட்காமலேயே சொன்னேன். உடனே ஆளாளுக்குப் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள், இந்த லிங்க் நல்லதா, அந்த லிங்க் கெட்டதா என்று. பணம் போனால் உடனே 1930-க்கு அடியுங்கள் என்று பெரிய நிபுணன் மாதிரி சொல்லிவிட்டு வந்தேன்.

உன் தொழிலைப் பற்றி யோசிக்க யோசிக்க, நாங்கள் பேங்கில் செய்ததேதான் என்று தோன்றுகிறது. பெட்டக அறைக்கு இரண்டு சாவி. ஒன்று கேஷியரிடம், இன்னொன்று மேனேஜரிடம். ஒருவர் லீவில் போனால் கையெழுத்துப் போட்டுத்தான் சாவி கைமாறும். மாற்றுச் சாவி நம் கிளையில் இருக்கவே கூடாது. முத்திரை வைத்துப் பக்கத்து ஊர்க் கிளையில் இருக்கும். ஒருவர் எழுதிய வவுச்சரை இன்னொருவர்தான் பாஸ் செய்வார். ராத்திரி கணக்கு ஒரு ரூபாய் உதைத்தாலும் வீட்டுக்குப் போக முடியாது. கடவுச்சொல்லோடு போனுக்கு வரும் எண்ணையும் கேட்பது, பேக்கப்பை வேறோர் இடத்தில் வைப்பது, லாகைத் தினமும் பார்ப்பது என்று நீ சொன்னபோது, இதைத்தானே 34 வருடம் செய்தோம் என்று நினைத்தேன்.

2016 பிப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியில் நடந்ததை நீ சொல்லித்தான் நான் தேடிப் படித்தேன். 95 கோடி டாலருக்குக் கை வைத்தார்கள். 8 கோடி பிலிப்பைன்ஸ் போய்விட்டது, இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி வழியில் நின்றது, மீதியை அமெரிக்காவிலேயே தடுத்துவிட்டார்கள். அந்த 2 கோடி எதனால் நின்றது? 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லில் எழுத்துப் பிழை. வழியிலிருந்த வங்கியில் யாரோ ஒருவர் அதைப் பார்த்துவிட்டு 'இது என்ன?' என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதருக்குத் தேங்காய் உடைக்க வேண்டும். ஆனால் எனக்கு உறுத்தியது பிரிண்டர்தான். பரிவர்த்தனைகளை அச்சடிக்கிற பிரிண்டர் அன்று வேலை செய்யவில்லை. வழக்கமான கோளாறு என்று விட்டுவிட்டார்கள். பாப்பா, எங்கள் கிளையிலும் பிரிண்டர் வாரம் ஒருமுறை மக்கர் செய்யும். நானும் விட்டிருப்பேன்.

இன்னொன்றும் படித்தேன். உங்கள் ஊர் சம்பந்தப்பட்டது. 2013-இல் அமெரிக்காவில் டார்கெட் என்ற பெரிய கடையிலிருந்து 4 கோடி அட்டை எண்கள் போயின. குளிர்சாதன வேலை பார்த்த ஓர் ஒப்பந்ததாரரின் கடவுச்சொல்லை வைத்து உள்ளே வந்திருக்கிறார்கள். நவம்பர் 30 அன்றே எச்சரிக்கை வந்துவிட்டது. பெங்களூரில் ராப்பகலாய்ப் பார்த்துக்கொண்டிருந்த குழு அதைக் கவனித்து தலைமையகம் இருக்கும் மினியாபொலிஸில் இருந்தவர்களுக்கு அனுப்பியும் விட்டது. அங்கே யாரும் அசையவில்லை என்று பத்திரிகையில் வந்தது. நம் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள் என்று பெருமையாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தேன். தினமும் ஆயிரக்கணக்கில் எச்சரிக்கை வரும், முக்கால்வாசி வெறும் புகை, எது நெருப்பு என்று ராத்திரி மூன்று மணிக்கு ஒரு சின்னப் பெண் முடிவு செய்ய வேண்டும் என்று நீ ஒருமுறை சொன்னாய். ஒன்றைப் புகை என்று நினைத்து மூடிவிட்டால் அது அவள் தப்பா? என்னைக் கேட்டால் இல்லை என்பேன். என்னை யார் கேட்கிறார்கள்.

ராத்திரி வேலைக்கு முன்னால் சாப்பிட்டுவிட்டுப் போ. பிஸ்கட் சாப்பாடு இல்லை.

தெற்குத் தெரு அத்தை வந்திருந்தாள். அவள் பையனுக்கும் உன் அலுவலகம் இருக்கும் கட்டடத்திலேயேதான் வேலை என்பது உனக்குத் தெரியும். அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், நான் காபி ஆறிவிடும் என்று பேச்சை மாற்றிவிட்டேன். தீபாவளிக்கு வந்தபோது நீ போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துக்கொண்டே சாப்பிட்டதை அம்மா கவனித்திருக்கிறாள். ராத்திரி இரண்டு மணிக்கு நீ மாடிப்படியில் உட்கார்ந்திருந்ததை நானும் பார்த்தேன். தண்ணீர் குடிக்க எழுந்தவன் அப்படியே திரும்பிப் போய்ப் படுத்துவிட்டேன். நான் எதையும் கேட்கவில்லை. இந்தக் கடிதத்திலும் கேட்கவில்லை.

ஓய்வுபெற்றவனுக்குப் பொழுது போக வேண்டுமே, அரசின் சைபர் அவசர அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவை எடுத்துப் படித்தேன். ஒரு தாக்குதல் நடந்தது கவனத்துக்கு வந்தால் 6 மணி நேரத்துக்குள் நிறுவனம் தெரிவித்தாக வேண்டும். லாகை 180 நாள் வைத்திருக்க வேண்டும். 6 மணி நேரம், பாப்பா. அந்த வரியை மூன்று முறை படித்தேன். நீ எதைப் பார்த்தாலும், எதை விட்டாலும், மேலே இருப்பவருக்கு எழுத்தில் சொல். தேதி, நேரம் போடு. ஒரு பிரதி வைத்துக்கொள். வாயால் சொன்னது நிற்காது. எதிரே இருப்பவர் நல்லவராகவே இருந்தாலும் நிற்காது.

எக்விஃபேக்ஸ் என்று அமெரிக்காவில் மக்களின் கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் ஒரு நிறுவனம். 2017-இல் 14 கோடி 70 லட்சம் பேரின் விவரம் போயிற்று. மார்ச்சிலேயே ஓட்டையை அடைக்கும் பேட்ச் வந்துவிட்டது, போடவில்லை. நெட்வொர்க் போக்குவரத்தைச் சோதிக்கும் கருவியும் அதன் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகி மாதக்கணக்கில் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. இவ்வளவு ஓட்டையையும் வைத்துக்கொண்டு, பதவி விலகிய தலைவர் அக்டோபரில் அமெரிக்கக் காங்கிரஸ் குழு முன்னால் போய், பேட்ச் போடச் சொல்ல வேண்டிய ஓர் ஊழியர் சொல்லவில்லை என்றார். ஓர் ஊழியர். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கரும்பு மாமா ஏன் வருவதில்லை என்று நீ மூன்றாம் வகுப்பில் கேட்டாய். இந்த வருடம் விளைச்சல் இல்லை என்றேன். அடுத்த வருடமும் கேட்டாய், அதையே சொன்னேன். பிறகு நீ கேட்பதை விட்டுவிட்டாய்.

2004 நவம்பர். அப்போது நான் அந்தக் கிராமக் கிளையில் அதிகாரி, நீ கரும்பு மாமா என்று கூப்பிட்டவர் அங்கே கிளார்க். பாஸ் செய்ய வேண்டிய பதிவுகள் இன்னும் பத்துப் பன்னிரண்டு இருந்தன. உனக்குக் காய்ச்சல் என்று காரணம் சொல்லிக்கொள்ளலாம், பொய். 7.10 பஸ்ஸை விட்டால் அடுத்தது 9 மணிக்கு, அவ்வளவுதான். என் கடவுச்சொல்லைப் பே-இன் ஸ்லிப்பின் பின்பக்கம் எழுதி அவரிடம் கொடுத்து, முடித்துவிடுங்கள் என்று கிளம்பிவிட்டேன். உன் பெயரும் நீ பிறந்த வருடமும்தான் கடவுச்சொல். முதல் முறை கொடுத்ததும் இல்லை அது. அந்தச் சீட்டு கீபோர்டுக்கு அடியில் கிடந்திருக்கிறது. இரண்டு வாரம் கழித்து, பல வருடமாக யாரும் தொடாத ஒரு பாட்டியின் கணக்கிலிருந்து 38 ஆயிரம் போயிருந்தது தெரியவந்தது. பாஸ் செய்தது என் பெயரில்.

விசாரணைக்கு வந்தவர்கள், கடவுச்சொல்லை யாரிடமாவது கொடுத்தீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். நான் அடிக்கும்போது பக்கத்திலிருந்து பார்த்திருக்கலாம் என்றேன். அவர் உண்மையைச் சொன்னார். சார்தான் சீட்டில் எழுதிக் கொடுத்தார் என்றார். சீட்டு எங்கே என்று கேட்டார்கள். அவரிடம் இல்லை. விசாரணைக்கு முதல் நாள் காலையில் கீபோர்டைத் தூக்கி அதை எடுத்து, கழிவறையில் கிழித்துப் போட்டிருந்தேன். பணத்தை எடுத்தது அவர் இல்லை என்று பிறகு தெளிவானது. அடுத்தவர் கடவுச்சொல்லைத் திருடிப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டு மட்டும் நின்றது. இரண்டு இன்கிரிமென்ட் போயிற்று, தருமபுரிப் பக்கம் மாற்றினார்கள், பதவி உயர்வு அதோடு சரி. என் ஃபைலில் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. இரட்டைச் சாவியைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேனே, அதை எழுதியவன் இந்த ஆள்தான்.

கடைசி நாளில் மேஜை டிராயரைக் காலி செய்துவிட்டு என்னிடம் வந்து 'வருகிறேன் சார்' என்றார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதை ஏன் இப்போது உனக்கு எழுதுகிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. நீ சீட்டைக் கொடுத்த இடத்தில் இருக்கிறாயா, வாங்கிய இடத்தில் இருக்கிறாயா என்று தெரியாமல் எழுதுகிறேன். உன்னிடம் ஒன்றுமே நடக்காமல், வெறும் வேலைப் பளுவாகவும் இருக்கலாம். அப்படியென்றால் கிழவன் உளறுகிறான் என்று வைத்துக்கொள். எந்த இடமாக இருந்தாலும் எனக்கு நீ பாப்பாதான். வேலை போனாலும் மாடியறை காலியாகத்தான் இருக்கிறது, அந்தப் பழைய கம்ப்யூட்டரும் இருக்கிறது.

சங்கத்தில் கேட்டு அவர் முகவரியை வாங்கிவிட்டேன். தஞ்சாவூரில் மகன் வீட்டில் இருக்கிறாராம், கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறதாம். வியாழக்கிழமை காலை பஸ்ஸில் போகிறேன். அம்மாவிடம் இன்று ராத்திரி சொல்ல வேண்டும், அதுதான் தஞ்சாவூரைவிடத் தூரமாக இருக்கிறது.

பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் பார்சலில் வைத்திருக்கிறாள். டப்பாவைத் திருப்பி அனுப்பு. நீ சொன்னபடி வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். உன் பெயர் அதில் இல்லை. கடிதத்தில் எழுத மாட்டேன், வந்தால் சொல்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா