தேசிய கீதம் மட்டும் அரங்கேறிய நாடகம்

கென்ய நாட்டுக் கல்வி அமைச்சகத்துக்கும், தேசிய நாடக விழாவை நடத்தும் குழுவினருக்கும்,

வணக்கம்.

நான் உங்கள் நாட்டுக் குடிமகன் அல்ல. தமிழ்நாட்டில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லித் தருகிறவன். உங்கள் நாட்டு எழுத்தாளர் கூகி வா தியாங்கோவின் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ நாவலைத் தமிழில் படித்த நாளிலிருந்து கென்யா எனக்கு வெறும் வரைபடப் பெயராக இல்லை. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். 2025 ஏப்ரல் 10 அன்று நகுரு நகரில், உங்கள் தேசிய நாடக விழாவில் நடந்ததை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, விழாவை நடத்தியவர்களே நீங்கள்தான்.

ஆனால் அந்த மேடையை நான் விட்டுவிட்டுப் போக முடியவில்லை. புட்டெரே பெண்கள் பள்ளி மாணவிகள் மேடைக்கு வந்தபோது, ‘எக்கோஸ் ஆஃப் வார்’ (போரின் எதிரொலிகள்) என்ற அவர்களுடைய நாடகத்தை எழுதிப் பழக்கிய கிளியோபஸ் மலாலா உடன் இல்லை. முந்தின நாளே போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போயிருந்தது. ஒலியமைப்பு இல்லை. மேடைப் பொருட்கள் இல்லை. பார்க்க வந்த கூட்டத்தைக் கண்ணீர்ப்புகை போட்டு விரட்டினார்கள். அந்தப் பெண்கள் தேசிய கீதத்தைப் பாடினார்கள். பாடிவிட்டு, நடிக்காமல் இறங்கிப் போனார்கள்.

எங்கள் ஊரில் நாடகம் முடிந்த பிறகுதான் தேசிய கீதம் பாடுவது வழக்கம். உங்கள் விழாவில் அது மட்டுமே நாடகமாகிவிட்டது.

பள்ளி நாடகம் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பெண் இரண்டு மாதம் குளியலறையில் நின்று வசனம் சொல்லிப் பார்ப்பாள். தோழி காகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை விட்டாலும் கண்டுபிடிப்பாள். அம்மாவின் பழைய துணியைக் கிழித்து ராணிக்கு அங்கி தைப்பார்கள். மேடையேறும் நிமிடத்தில் எல்லாம் மறந்துபோகும். எதிரே யாரோ ஒருவர் இருமுவார், யாரோ சிரிப்பார். உடனே வசனம் தானாக வந்துவிடும். எதிரே ஆள் இருந்தால்தான் அது நாடகம். ஏட்டில் அனுமதி இருந்தது, மறுக்கவில்லை. அதுவும் உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டதால் கிடைத்த அனுமதி. ஆளில்லாத கூடத்தில் நடி என்று சொல்வதற்கு, நடிக்காதே என்றே நேராகச் சொல்லியிருக்கலாம்.

எனவே என் கோரிக்கை இதுதான்: அந்த நாடகத்தை உங்கள் விழா மேடையிலேயே, விளக்கோடும் ஒலியோடும் பார்வையாளர்களோடும் அந்த மாணவிகள் நடிக்க வழி செய்யுங்கள்.

எழுதியவர் ஆசிரியர் அல்ல, அரசியல்வாதி என்று சொன்னீர்கள். சரி. முன்னாள் செனட்டர்தான், அதற்கும் மேலே, 2024 வரை ஆளுங்கட்சியின் பொதுச் செயலாளராகவே இருந்தவர். அவருக்கு ஒரு கணக்கு இருக்கலாம். பதினேழு வயதுப் பெண்களுக்கு என்ன கணக்கு? அப்புறம், 2013இலும் இதே பள்ளியின் வேறொரு நாடகத்தைத் தடை செய்தார்கள், அப்போதும் நீதிமன்றம்தான் தடையை நீக்கியது. பன்னிரண்டு வருடத்தில் ஒரு பாடமும் ஏறவில்லையா?

இந்த நாடகத்தில் வருவது கற்பனை ராஜ்ஜியம். போரிலிருந்து மீண்டுவரும் நாடு, ஆள்பவர்கள் மேல் நம்பிக்கை இழந்த இளைஞர்கள், அவ்வளவுதான். 2024 ஜூனில் நாடாளுமன்றத்துக்குள்ளேயே இளைஞர்கள் புகுந்ததைப் பார்த்த அரசுக்கு அது கற்பனையாகத் தெரியவில்லை போலும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்போம் நாங்கள்.

இது உங்கள் ஊருக்குப் புதிதும் அல்ல. 1977இல் லிமுரு பக்கம் கமிரீத்து கிராமத்தில் விவசாயிகளும் தொழிலாளிகளும் கிக்குயு மொழியில் கூகியின் நாடகத்தைப் போட்டார்கள். சில வாரங்களில் உரிமம் ரத்தானது. அந்த வருடக் கடைசி நாளில் கூகியைக் கைது செய்து, ஒரு வருடம் கமிட்டி (Kamiti) என்ற சிறையில் விசாரணையே இல்லாமல் வைத்திருந்தார்கள். நான் தமிழில் படித்த அந்த நாவலை அவர் அங்கே கழிப்பறைத் தாளில்தான் எழுதினார். திருடர்களும் கொள்ளைக்காரர்களும் மேடையேறி, யார் பெரிய திருடன் என்று போட்டி போடும் கதை. 1982இல் கமிரீத்து அரங்கத்தையே போலீஸ் இடித்துப்போட்டது.

1986இல் அவருடைய ‘மட்டிகாரி’ வந்தபோது நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மட்டிகாரி என்று ஒருவன் ஊர் ஊராக உண்மையையும் நீதியையும் கேட்டு அலைகிறானாம் என்று கிராமத்தில் பேச்சு. அவனைப் பிடிக்க உத்தரவு போனது. நாவலில் வரும் ஆள் என்று தெரிந்ததும் ஆளை விட்டுப் புத்தகத்தைப் பிடித்தார்கள், கடை கடையாக.

பிறகு அவர் எழுதிய பெரிய நாவலில், ஆட்சியாளரின் எதிரிகளைக் கண்டுபிடிக்க ஓர் அமைச்சர் அறுவை சிகிச்சை செய்து கண்ணைப் பெரிதாக்கிக்கொள்வார். இன்னொருவர் காதை. மிகை என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கூட நாடகத்தை ஒட்டுக் கேட்கிற காதுக்கு எந்த மருத்துவமனையில் சிகிச்சை செய்துகொண்டீர்கள் என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி தன் நாவலில் படைத்த அமைச்சர் நங்காவும் நினைவுக்கு வருகிறார். ஊழலில் ஊறிய அவருடைய இலாகா எது தெரியுமா? பண்பாடு. தன் நாட்டின் புகழ்பெற்ற நாவலையே அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

மன்னிக்கவும், மடல் எழுதப் போய் மேடைப் பேச்சாகிவிட்டது. எங்கள் பக்கமும் ஒன்றும் சுத்தம் இல்லை. நாடகத்துக்குக் கடிவாளம் போட வெள்ளைக்காரன் 1876இல் சட்டம் கொண்டுவந்தான். அவன் போன பிறகு 1954இல் சென்னை மாநிலத்தில் நாங்களே புதிதாக ஒன்று போட்டுக்கொண்டோம். அதனால் ஊருக்கு உபதேசமாக இதை எழுதவில்லை.

நகுரு நடந்து ஏழு வாரம்கூட முடிவதற்குள், மே 28 அன்று, கூகி அமெரிக்காவில் இறந்துபோனார். உங்கள் அரசிலிருந்து இரங்கல் வந்தது, புகழுரை வந்தது. நல்லது. அவருக்கு மலர்வளையம் வைக்கிற அரசாங்கம் அந்த மாணவிகளுக்கு ஒரு மைக் தந்திருக்கக் கூடாதா?

தயவுசெய்து யோசியுங்கள். அந்தப் பெண்களில் சிலர் இதற்குள் பள்ளியை முடித்திருப்பார்கள். அவர்களையும் தேடி அழையுங்கள், வந்துபோகும் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். பழக்கியவரை உள்ளே விடுங்கள், கதவைத் திறந்து வையுங்கள். பரிசு தர வேண்டும் என்று கேட்கவில்லை. நாடகம் நன்றாக இல்லை என்றால் மதிப்பெண்ணைக் குறைத்துப் போடுங்கள், அது நடுவர்களின் உரிமை. பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பணிவுடன்,
ஒரு பள்ளி நாடக ஆசிரியர்