வேட்டை நாய் வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர் அவர்களுக்கும், கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், வாலிநோக்கம் பக்கமிருந்து வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் அண்ணன் தம்பிகள் எல்லோருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் தள்ளிப்போயின. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நாய்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருப்பதால் நேராக அதற்கு வருகிறேன்.

நம்மில் பலருடைய தாத்தாமார் முயல் வேட்டைக்குப் போனவர்கள். மேற்கே கோவில்பட்டி, விருதுநகர் கரிசல்காட்டில் கன்னி, சிப்பிப்பாறை நாய் இனங்கள் பேர் வாங்கியதே அந்த ஓட்டத்தால்தான். ஆனால் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு முயல், உடும்பு, மான், மயில் எதையும் வேட்டையாடக் கூடாது. நாயை விட்டு விரட்டுவதே அந்தச் சட்டத்தில் வேட்டைதான். பிடித்ததா, தப்பியதா என்ற பேச்சே கிடையாது. திருவிழாவுக்குப் பாரி வேட்டை என்று யார் கூப்பிட்டாலும் நம் உறுப்பினர் நாயோடு போகக் கூடாது என்று இந்த ஆண்டு தீர்மானம் போட்டோம். சிலருக்கு வருத்தம் இருந்தது. ஆனாலும் ஒருவர்கூட எதிர்த்துக் கை தூக்கவில்லை. அதற்கு நன்றி.

அப்படியானால் ஓடப் பிறந்த நாயை என்ன செய்வது? சங்கிலியிலேயே கிடந்தால் அது குணம் கெட்டு, ஆட்டையும் கோழியையும் துரத்த ஆரம்பிக்கும். அதனால்தான் துணி ஓட்டம் தொடங்கினோம். பழைய மோட்டார் சைக்கிள் சக்கரத்தில் நைலான் கயிறு சுற்றி, அதன் நுனியில் வெள்ளைத் துணி கட்டி இழுக்கிறோம். சிப்பிப்பாறை, கன்னி, இராஜபாளையம் மூன்றுமே கண்ணால் பார்த்து ஓடும் நாய்கள். துணி முயல்போல வளைந்து வளைந்து ஓடினால் போதும், பாய்ந்துவிடும். கடைசியில் துணியைக் கவ்வ விட வேண்டும். கவ்வாமலே முடித்தால் நாலு நாளில் சலித்துப்போகும்.

கண்ணால் ஓடும் நாய்க்கு ஓட்டத்தில் காது கேட்காது என்று பெரியவர்கள் சொல்வது உண்மைதான். ஆகவே திரும்பி வரும் பழக்கம் குட்டியிலேயே ஊறியிருக்க வேண்டும். இரண்டு மாதத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு துண்டு ஈரல், அப்புறம் விசில், அப்புறம் நீளக் கயிற்றில் கட்டி வெளியில். வந்த நாயை எக்காரணம் கொண்டும் அடிக்காதீர்கள். தாமதமாக வந்தாலும் தட்டிக்கொடுங்கள். அடி வாங்கிய நாய் அடுத்த முறை எட்டவே நிற்கும். உயரமான இனங்களுக்கு எலும்பு முதிர ஒரு வயதாவது ஆகும். அதுவரை கடும் ஓட்டம் வேண்டாம். வறண்ட கண்மாய் வெடிப்புகளில் கால் மாட்டிக்கொள்ளும் என்பதால் பயிற்சியைச் செம்மண் திடலுக்கு மாற்றிவிட்டோம். சீமைக்கருவேல முள் அங்கேயும் உண்டு. ஓடி முடிந்ததும் நாலு பாதத்தையும் விரல் இடுக்குவரை பாருங்கள்.

வெயில் நம் ஊரில் பெரிய எதிரி. பங்குனி தொடங்கி ஆவணி வரை காலை ஏழு மணிக்குள் ஓட்டத்தை முடித்துவிட வேண்டும். நாயின் உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருப்பது இயல்பு. 104-க்கு மேல் போனால் ஆபத்து. நாக்கு தொங்கி, எச்சில் கெட்டியாகி, கால் தள்ளாடினால் உடனே நிழலில் படுக்க வைத்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், பிறகு டாக்டரிடம் ஓடுங்கள். ஓடுவதற்கு மூன்று மணி நேரம் முன்பும், ஓடிய பின் ஒரு மணி நேரமும் வயிறு நிறையத் தீனி கூடாது. மார்பு ஆழமான நாய்களுக்கு வயிறு முறுக்கிக்கொண்டு உயிரே போய்விடும். இவற்றுக்கு உடம்பில் கொழுப்பு குறைவு, சில மயக்க மருந்துகள் தெளிய நேரமாகும். அறுவை சிகிச்சை என்றால் இது எந்த இனம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

இந்த ஆண்டின் பெரிய துயரத்தைச் சொல்லியாக வேண்டும். நம் உறுப்பினர் ஒருவரின் செவலைக் கடுவன், கரையில் வலை உதறிய இடத்தில் கிடந்த பேத்தை மீனைத் தின்று ஒரே நாளில் செத்துப்போனது. முதலில் வாந்தி, பிறகு பின்னங்கால் இழுத்தது, அப்புறம் மூச்சு நின்றது. பேத்தையின் ஈரலிலும் சினையிலும் தோலிலும் இருக்கும் விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது, வேகவைத்தாலும் போகாது. கடற்கரைக்குக் கூட்டிப்போனால் வாய்க்கூடு போடுங்கள், அல்லது கயிற்றை விடாதீர்கள். தூண்டில் முள், வலைத் துண்டு, சொறி மீன் எல்லாம் கரையில்தான் கிடக்கின்றன. வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டிக் காதைத் துடைக்க வேண்டும். கடல் தண்ணீரைக் குடிக்க விடக் கூடாது.

கயிற்றை விடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் பங்குனி ஆமை என்ற கடலாமை. தை முதல் அது மணலில் ஏறி முட்டையிடும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேலும் இருக்கும். நம் நாய் ஒன்று தோண்டினாலே அத்தனையும் போச்சு. தனுஷ்கோடியில் 2025 ஜூனில் பூநாரைச் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் நாயைக் கொண்டுபோகவே வேண்டாம்.

செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத்தன்று தடுப்பூசி முகாம் நடத்தினோம். கால்நடை மருத்துவருக்கு நன்றி. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான ஊசியைத் தொடங்கி, மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி போட்டு, ஆண்டுதோறும் தொடர வேண்டும். கடி பட்டவர் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். நம் வீட்டு நாய்தானே என்று இருந்துவிடக் கூடாது. சொறிக்கும் உண்ணிக்கும் கழிவு ஆயில் தடவுவதை இன்னும் சிலர் விடவில்லை. நாய் அதை நக்கினால் குடல் வெந்துபோகும். தயவுசெய்து நிறுத்துங்கள்.

இனப்பெருக்கத்தில் நாய் வளர்ப்பு, விற்பனை பற்றிய மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு விதிகளையே சங்கம் பின்பற்றுகிறது. பதினெட்டு மாதம் ஆகாத பெட்டையைச் சேர்க்கக் கூடாது, ஆண்டுக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. வெள்ளை இராஜபாளையக் குட்டிகளில் பிறவிச் செவிடு உண்டு. பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். திரும்பாத குட்டியைப் பெரிதானாலும் இனப்பெருக்கத்துக்கு வைக்காதீர்கள். காது வெட்டிக் கொண்டுவரும் நாயைச் சங்கக் கண்காட்சியில் சேர்க்க மாட்டோம்.

இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனத்தில் பதிவு பெற்றுவிட்டன. நம் இராமநாதபுரம் மாவட்டத்தின் பேரைச் சொல்லும் மண்டை நாய் இனத்துக்கும் அந்த இடம் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்குத் தாய், தகப்பன், ஈத்து, நிறம், உயரம் எல்லாம் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்திருக்க வேண்டும். வாய்க்கணக்கு செல்லாது. பிறப்புப் பதிவேடு ஒன்று தொடங்கி வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். மண்டை வளர்க்கும் உறுப்பினர்கள் இன்றே அவரவர் நாயின் விவரத்தை எழுதிக் கையெழுத்திடுங்கள். அளவு எடுக்க டேப்போடு துணைச் செயலாளர் அங்கேயே இருப்பார். இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்