வாரத்திற்கு 45 மணி நேர வேலை விதியைத் துறைமுகக் குத்தகைத் தொழிலாளர்களுக்கு முறையாக அமல்படுத்தக் கோரும் மனு

பெறுநர்: இயக்குநர் அவர்கள், தொழிலாளர் இலாகா, பினாங்கு.

அனுப்புநர்: குத்தகை முறையில் பணிபுரியும் சரக்குத் தொழிலாளர்கள், பட்டர்வொர்த்.

மதிப்பிற்குரிய ஐயா,

மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் திருத்தத்தால், 1.1.2023 முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. பட்டர்வொர்த், பிறை துறைமுகப் பகுதிகளில் சரக்கு ஏற்றி இறக்கும் எங்களுக்கு அந்த 3 மணி நேரம் ஓய்வாகவும் வரவில்லை, பிறருக்கு வேலையாகவும் போகவில்லை என்பதைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறோம்.

குழுவுக்கு ஓர் ஆளாவது கூடுதலாகச் சேர்க்கப்படுவார் என்று அப்போது எதிர்பார்த்தோம். ஆனால் துறைமுகத்தில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் கப்பலுக்குச் செலவு என்பதால், சட்டம் மாறினாலும் இரவு பகலாக நடக்கும் வேலையின் அளவு மாறவில்லை. எங்கள் குத்தகையாளர் அந்த 3 மணி நேரத்தையும் ஓவர்டைமில் சேர்த்துவிட்டு, பழைய ஆட்களையே வைத்துச் சமாளிக்கிறார்.

அந்த ஓவர்டைமும் சரியாகக் கணக்கிடப்படுவதில்லை. அடிப்படைச் சம்பளம் 1,700 ரிங்கிட்டை 26 நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு 65.38 ரிங்கிட். ஆறு நாள் வேலையில் 45 மணியைச் சமமாகப் பிரித்தால் நாளுக்கு ஏழரை மணி. எனவே மணிக்கு 8.72, ஒன்றரை மடங்கு 13.08 ரிங்கிட். குத்தகையாளரோ இன்னும் 8 மணியால் வகுத்து 12.26 ரிங்கிட்தான் தருகிறார். மாதம் 80 மணி ஓவர்டைம் பார்ப்பவர் இதனால் ஒரு நாள் சம்பளத்தையே இழக்கிறார்.

மணிக்கு 82 சென் என்ற இந்த வித்தியாசத்தால் மட்டும் புதிய வேலை பிறந்துவிடாது என்பதை அறிவோம். ஓவர்டைம் இல்லாமல் குடும்பம் நடத்த முடியாதவர்கள் எங்களிலேயே பலர் என்பதையும் மறைக்கவில்லை. ஆயினும் மாதத்திற்கு 104 மணி என்ற ஓவர்டைம் உச்சவரம்பு ஏட்டளவில் நிற்கும்வரை, புதிய ஆளைச் சேர்த்து ஊழியர் சேமநிதியும் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் கட்ட எந்தக் குத்தகையாளரும் முன்வரமாட்டார்.

   

ஆகவே, குத்தகையாளர்களின் வருகைப் பதிவையும் சம்பளச் சீட்டையும் தங்கள் அதிகாரிகள் முன்னறிவிப்பின்றி ஒப்பிட்டுப் பார்த்து, 1.1.2023 முதல் குறைத்துத் தரப்பட்ட தொகையை வசூலித்துத் தருமாறும், 104 மணி வரம்பு தொடர்ந்து மீறப்படும் இடங்களில் நடவடிக்கை எடுக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். புகார் செய்தவர்களின் பெயர் குத்தகையாளருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால், மறுநாளே வேலைப் பட்டியலிலிருந்து எங்கள் பெயர் நீங்கிவிடும்.

சம்பளச் சீட்டுகளின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்