ஆண்டறிக்கை 2024–25: அறுவடைக்கு முன் மக்காச்சோளமும் சோயாவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் கோழிப்பண்ணையாளர்கள் அனைவருக்கும் வணக்கம். கூட்டங்கள், சந்தா, தணிக்கை ஆகியவற்றைப் பொருளாளர் தனித்தாளில் தந்திருப்பதால் அவற்றை நான் இங்கே திரும்பச் சொல்லவில்லை. சென்ற பொதுக்குழுவில் நீங்கள் ஒருமனதாக ஒப்படைத்த ஒரே பணி, தீவனத்துக்கான இரு பயிர்களையும் அறுவடைக்கு முன்பே வயலில் போய்ப் பார்த்து மதிப்பிடுவது; இந்த அறிக்கை முழுவதும் அதைப் பற்றியதே.

இந்தப் பணி ஏன் தேவைப்பட்டது என்பதைப் புதிய உறுப்பினர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீவனம் தின்கிறது. ஒரு லட்சம் கோழி உள்ள பண்ணைக்கு நாளொன்றுக்கு 11 டன் வேண்டும். அதில் பாதிக்குச் சற்று மேல் மக்காச்சோளம், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சோயாப் புண்ணாக்கு. நமது செலவில் பெரும்பகுதி இந்த இரண்டில்தான் போகிறது. ஆனால் நாமக்கல்லில் உள்ள கோழிகளுக்குப் போதுமான மக்காச்சோளம் நாமக்கல்லில் விளைவதில்லை. சோயாவோ தமிழ்நாட்டிலேயே பெயரளவுக்குத்தான் விளைகிறது. ஆகவே நாம் வாங்கும் சரக்கைப் பற்றிய செய்தி எப்போதும் பிறர் வாயிலாகவே நமக்கு வந்துகொண்டிருந்தது. 'இந்த வருஷம் விளைச்சல் பாதிதான், இப்போதே வாங்கிப் போடுங்கள்' என்ற தொலைபேசி அழைப்பு புரட்டாசியில் ஒருமுறையும் மார்கழியில் ஒருமுறையும் தவறாமல் வரும். அதை நம்பி வாங்கியவர்களும் உண்டு, நம்பாமல் இருந்து கைசுட்டுக் கொண்டவர்களும் உண்டு. இரு தரப்பாருமே வயலைப் பார்க்கவில்லை.

முதலில் சோயா. செப்டம்பர் மாதக் கடைசியில் நமது உறுப்பினர்கள் மூவரும் நானும் மத்தியப் பிரதேசத்தின் மால்வா பகுதிக்குச் சென்று, உஜ்ஜைன், தேவாஸ் மாவட்டங்களின் கிராமங்களில் ஆறு நாட்கள் தங்கினோம். சோயாவைச் சாலையிலிருந்து பார்த்து மதிப்பிடவே முடியாது என்பது நாங்கள் முதல் நாளிலேயே கற்ற பாடம். இலை அடர்ந்து கரும்பச்சையாக நிற்கும் வயலில் காய் குறைவாக இருந்தது. இலை பாதி உதிர்ந்து பார்ப்பதற்குப் பஞ்சையாகத் தெரிந்த பக்கத்து வயலில் காய் நிறைந்திருந்தது. இரண்டாவது வயலில் முன்கூட்டியே முற்றும் ரகம் விதைத்திருந்தார்கள் என்பதே காரணம். நாங்கள் பார்த்த பஞ்சைத்தனம் முதிர்ச்சியின் அடையாளம், நோயின் அடையாளம் அல்ல. சுமார் 85 முதல் 90 நாட்களில் முற்றும் ரகங்களும் 100 நாட்களை ஒட்டி முற்றும் ரகங்களும் அங்கே ஒரே ஊரில் அடுத்தடுத்து நிற்கின்றன என்பதால், விதைத்த நாளையும் ரகத்தையும் கேட்காமல் ஒரு வயலைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது.

எண்ணும் முறை எளிதானது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டத்தை வயலின் உள்ளே வைத்து, அதற்குள் உள்ள செடிகளை எண்ணி, சில செடிகளில் பருப்பு நிறைந்த காய்களை மட்டும் எண்ணி, காய்க்கு எத்தனை விதை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தேவாஸ் அருகே ஒரு வயலில் சதுர மீட்டருக்கு 30 செடி, செடிக்குச் சராசரி 22 காய், காய்க்கு 2 விதை இருந்தன. ஆக 1,320 விதை. நூறு விதையின் எடையை 11 கிராம் என்று கொண்டால் 145 கிராம், அதாவது ஏக்கருக்கு ஆறு குவிண்டாலுக்குச் சற்றுக் குறைவு. இந்தக் கணக்கில் ஏமாற்றும் எண் கடைசியில் வரும் விதை எடைதான். செடியின் எண்ணிக்கையும் காயின் எண்ணிக்கையும் ஆகஸ்டிலேயே ஏறக்குறைய முடிவாகிவிடுகின்றன. பருப்பு பருக்குமா சுருங்குமா என்பதை அதற்குப் பிந்தைய மூன்று நான்கு வார மழைதான் தீர்மானிக்கிறது. முதன்மைத் தண்டில் ஒரு காயாவது பழுத்த நிறத்துக்கு மாறிவிட்டால், பிறகு வரும் வறட்சி எடையைப் பெரிதாகக் குறைக்காது. ஆனால் அதன் பிறகு வரும் மழை வேறு வகையில் கெடுக்கும். அதையும் கண்ணால் பார்த்தோம்.

2024-இல் தென்மேற்குப் பருவமழை நாடு முழுவதும் சேர்த்து இயல்பைவிட 8 விழுக்காடு கூடுதலாகப் பெய்தது. செப்டம்பரிலும் மழை விடவில்லை. முற்றிய காய்கள் நனைந்து, விதைத் தோலில் கரும்புள்ளி விழுந்து, சில இடங்களில் காய்க்குள்ளேயே முளையும் கட்டியிருந்தது. ஆகவே நாங்கள் செயற்குழுவுக்கு அனுப்பிய குறிப்பில், விளைச்சல் குறையவில்லை, தரமும் ஈரமும்தான் கவலை என்று எழுதினோம். அக்குறிப்பு தவறவில்லை. அக்டோபர், நவம்பர் மாதங்களில் அங்குள்ள சந்தைகளில் சோயாவின் விலை, ஆதரவு விலையான குவிண்டாலுக்கு 4,892 ரூபாயைத் தொடாமலேயே இருந்தது. ஈரம் மிகுந்த சரக்கை விற்க முடியாமல் விவசாயிகள் தவித்ததால், அரசுக் கொள்முதலுக்கான ஈரப்பத வரம்பை 12 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மத்திய அரசு நவம்பரில் தளர்த்தியது. எத்தனால் ஆலைகளிலிருந்து மக்காச்சோளச் சக்கைத் தீவனம் பெருமளவில் சந்தைக்கு வந்து சோயாப் புண்ணாக்கின் தேவையைக் குறைத்ததும் விலை எழாததற்கு ஒரு காரணம். அவசரப்பட்டுப் புண்ணாக்கை முன்பதிவு செய்யாமல் இருந்ததால் நமக்கு நன்மையே விளைந்தது. சோயா விளைவித்தவர்களுக்கு அதே காலம் கடினமாக இருந்தது என்பதையும் மறைக்காமல் பதிவு செய்கிறேன்.

அடுத்து மக்காச்சோளம். அதற்காக அக்டோபரில் கர்நாடகத்தின் தாவணகெரே பகுதிக்குச் சென்ற பயணம் மழையால் பாதியில் நின்றது. இரண்டு நாட்களில் பார்த்ததைக் கொண்டு எதையும் மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை. செயற்குழுவிடமும் அப்படியே சொல்லிவிட்டேன்.

நமக்கு மிக அருகில் உள்ளது பெரம்பலூர். குன்னம், வேப்பந்தட்டை, ஆலத்தூர் வட்டாரங்களின் கரிசல் நிலத்தில் புரட்டாசி மழையை நம்பி விதைக்கும் மானாவாரி மக்காச்சோளம், தை, மாசி மாதங்களில் நம் ஆலைகளுக்கு வருகிறது. இங்கே ஜனவரி முதல் வாரத்தில் தொடங்கி மூன்று வாரங்கள் விட்டு விட்டுச் சென்றோம். இந்தப் பகுதியைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்; ஏனெனில் முந்தைய ஆண்டு நாம் தவறியது இங்கேதான்.

2023–24 பருவத்தில் நாங்கள் நால்வர் காரில் போய், சாலையோர வயல்களில் வரப்பை ஒட்டிய கதிர்களைத் தட்டிப் பார்த்து, நல்ல பருத்த கதிர்களாகப் பறித்து எண்ணி, ஆயிரம் மணியின் எடையை விதைப் பையில் அச்சிட்டிருந்தபடி எடுத்துக்கொண்டு ஒரு மதிப்பீடு தந்தோம். களத்தில் எடை போட்டபோது அதில் கால் பங்குக்கு மேல் குறைந்தது. அதற்கான பொறுப்பு குழுவை நடத்திய என்னையே சேரும். வரப்போரச் செடிக்கு வெளிச்சமும் இடமும் கூடுதல், அதனால் கதிரும் பெரிது; நம் கை தானாகவே பெரிய கதிரைத் தேடிப் போகிறது. ஒரு வயலின் உண்மை அதன் நடுவில்தான் இருக்கிறது.

இந்த ஆண்டு முறையை மாற்றினோம். வயலுக்குள் குறைந்தது முப்பது அடி நடந்த பிறகே அளவு நாடாவை விரிப்பது என்றும், ஒரு வயலில் ஐந்து இடங்கள் என்றும் வைத்துக்கொண்டோம். ஒவ்வோர் இடத்திலும் அளப்பது ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு; அது நான்கு சதுர மீட்டருக்குச் சற்று மேல். வரிசை இடைவெளி 60 செ.மீ. என்றால் ஒரே வரிசையில் 6.75 மீட்டர் நீளம், 50 செ.மீ. என்றால் 8.1 மீட்டர். இடைவெளியை முதலில் அளக்காமல் நீளத்தை எடுத்தால் பிறகு வரும் எல்லாக் கணக்கும் பிசகும். அந்த நீளத்துக்குள் செடிகளை அல்ல, மணி பிடித்த கதிர்களை எண்ண வேண்டும். பரிந்துரைப்படி 60-க்கு 25 செ.மீ. இடைவெளியில் விதைத்திருந்தால் அங்கே 27 செடிகள் நிற்க வேண்டும். நாங்கள் பார்த்த வயல்களில் கதிர் 20 முதல் 25 வரை இருந்தது. பிறகு, கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது என வரும் கதிர்களை மட்டும் உரித்து, சுற்றளவில் எத்தனை வரிசை, வரிசைக்கு எத்தனை மணி என்று எண்ணினோம். (மக்காச்சோளக் கதிரில் வரிசைகள் 12, 14, 16 என்று இரட்டைப்படையாகவே அமையும், 13 என்று யாரேனும் எழுதி வந்தால் மறுபடியும் எண்ணச் சொல்லுங்கள்.) நுனியில் உள்ள சொத்தை மணிகளைச் சேர்க்கவில்லை.

வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு வயலில் கதிர் 24, வரிசை 14, வரிசைக்கு 30 மணி. பெருக்கினால் 10,080, ஏக்கருக்கு அதன் ஆயிரம் மடங்கு. ஆயிரம் மணி 280 கிராம் என்று கொண்டு 28 குவிண்டால் வரும் என்று எழுதினோம். அதே விவசாயி பிப்ரவரியில் அடித்துக் காயவைத்துப் போட்ட எடை 25 குவிண்டால். குறைந்த மூன்று குவிண்டாலில் ஒரு பகுதி, தரையில் விழுந்த கதிரும் இயந்திரத்தில் உடைந்த மணியும். மீதி, மணி நாம் நினைத்த அளவு பருக்காதது. இந்த அளவு பிழையோடு நாம் கொள்முதல் திட்டம் வகுக்கலாம் என்பது என் கருத்து. முந்தைய ஆண்டின் பிழையோடு வகுக்க முடியாது.

மணி ஏன் பருக்கவில்லை என்பதற்கும் வயலிலேயே விடை இருந்தது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலை ஒட்டிய மழையும், டிசம்பர் இரண்டாம் வாரத்தில் தமிழ்நாட்டில் பரவலாகப் பெய்த கனமழையும், பிந்தி விதைத்த வயல்களில் கதிர் நுனியின் பட்டு நூல் வெளிவந்து மகரந்தம் உதிரும் நாட்களில் வந்து விழுந்தன. தண்ணீர் வடியாத கரிசலில் அடியிலைகள் மஞ்சளாகி, கதிரில் இடையிடையே மணி இல்லாத பொக்கைகள் தெரிந்தன. முந்தி விதைத்தவர்களுக்கு இந்தச் சேதம் குறைவு. மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுவின் தாக்குதல் பெரும்பாலும் குருத்திலேயே நின்றிருந்தது. கதிரைத் துளைத்த வயல்கள் சில உண்டு. 2018-இல் இந்தப் புழு முதன்முதலாகக் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டு அதே ஆண்டில் பெரம்பலூரையும் அழித்ததைப் பார்த்தவர்களுக்கு, இப்போது விதை நேர்த்தியும் இனக்கவர்ச்சிப் பொறியும் பழக்கத்துக்கு வந்திருப்பதன் பயன் கண்கூடாகத் தெரியும்.

மதிப்பீட்டை எந்த நாளில் செய்வது என்ற கேள்விக்கு வருகிறேன். கதிரை நடுவில் ஒடித்து, நுனிப் பாதியின் ஒடிந்த முகத்தைப் பார்த்தால், மணியின் மேல்பகுதி மஞ்சளாக இறுகியும் கீழ்ப்பகுதி பாலாகவும் இருந்து, நடுவே ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு பாதியில் நிற்கும்போது எடையில் ஏறத்தாழ 90 விழுக்காடு சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். கோடு அடிவரை இறங்கி, மணியைப் பெயர்த்தால் அதன் அடிநுனியில் கறுப்பு அடுக்கு தெரியுமானால் பயிர் தன் வேலையை முடித்துவிட்டது. இனி உரமோ மழையோ ஒரு கிராம்கூடச் சேர்க்காது. எனவே கோடு பாதியைத் தாண்டிய பிறகு எண்ணுவது என்று முடிவு செய்துள்ளோம். அதற்கு முன் எண்ணினால் ஆசையை எண்ணுகிறோம்.

ஆனால் கறுப்பு அடுக்கு விழும் நாளில் மணியில் 30 முதல் 35 விழுக்காடு ஈரம் இருக்கும். எத்தனை குவிண்டால் என்ற எண்ணை எத்தனை ஈரத்தில் என்று சொல்லாமல் சொல்வதில் பொருளில்லை. 22 விழுக்காடு ஈரத்தில் 100 கிலோ வாங்கினால், 14 விழுக்காட்டுக்குக் காயும்போது அது 90.7 கிலோ, குவிண்டால் 2,400 ரூபாய் என்றால் 223 ரூபாய்க்குத் தண்ணீர் வாங்கியிருக்கிறோம். பணத்தைவிடப் பெரிய கவலை பூஞ்சணம். ஈரமான சரக்கைக் குவித்தால் ஒரு வாரத்துக்குள் சூடேறி, அஃப்ளாடாக்சின் நஞ்சு உண்டாகி, கோழியின் ஈரலைத் தாக்கி முட்டையைக் குறைக்கிறது. இந்த ஆண்டு நமது உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வியாபாரியிடமிருந்து வந்த இரண்டு லாரிச் சரக்கு மேலே காய்ந்தும் அடியில் 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரமாகவும் இருந்தது. லாரியின் மேல்மூட்டையில் மட்டும் மாதிரி எடுத்ததே நாம் விட்ட பிழை. இனி இறக்கும்போது மூன்று அடுக்குகளிலும் மாதிரி எடுக்க வேண்டும் என்று செயற்குழு தீர்மானித்துள்ளது.

குன்னம் அருகே ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து, 'எண்ணிப் பார்த்து விலையைக் குறைக்கத்தானே வர்றீங்க?' என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. விளைச்சல் அதிகம் என்ற செய்தி வாங்குபவரிடம் மட்டும் இருந்தால் அது விற்பவருக்கு எதிராகத்தான் திரும்பும். அன்று மாலையே எண்ணிக்கைத் தாளின் நகலை அவரிடம் கொடுத்தோம். அதிலிருந்து, எந்த வயலில் எண்ணினாலும் நகலை விவசாயியிடம் தருவதை வழக்கமாக்கினோம். வரும் பருவத்தில், 14 விழுக்காட்டுக்குக் காயவைத்துத் தருபவருக்கு ஈரத்துக்கான கழிவு எதுவும் பிடிக்காமல் முழு விலை தருவது என்ற ஏற்பாட்டை உறுப்பினர்கள் அனைவரும் ஒரே மாதிரியாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒருவர் பிடித்து ஒருவர் விட்டால் யாரும் காயவைக்க மாட்டார்கள்.

சங்கத்தின் ஈரப்பதமானிகள் இரண்டும் ஒரே தானிய மாதிரியை அளந்தபோது ஒன்றரை விழுக்காடு வேறுபட்டன. அவற்றைச் சரிபார்க்க அனுப்பியுள்ளோம். எண்ணும் குழுவுக்கு இளைய உறுப்பினர்கள் நால்வர் பெயர் கொடுத்தால் ஆடி மாதத்திலேயே பயிற்சியைத் தொடங்கலாம். ரயிலில் வரும் பீகார் மக்காச்சோளத்தை ஏப்ரலில் பூர்ணியா பகுதிக்கே போய்ப் பார்ப்பதா என்பதைச் செலவைக் கருதிப் பொதுக்குழுவின் முடிவுக்கு விடுகிறேன். என் விருப்பம் போக வேண்டும் என்பதே. வயல்வாரியான எண்ணிக்கைத் தாள்கள் சங்க அலுவலகத்தில் உள்ளன, உறுப்பினர்கள் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

செயலாளர்
நாமக்கல்