செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

தலைவர் அவர்களுக்கும், நிர்வாக சபையினருக்கும், இங்கே வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராத உறுப்பினர்களுக்கு இந்த அறிக்கை தபாலில் அனுப்பப்படும். வீடு மாறியதை அறிவிக்காதவர்களுக்கு அதுவும் போய்ச் சேராது.

சென்ற பொதுக்கூட்டக் குறிப்பு ஏற்கெனவே வாசிக்கப்பட்டு ஏற்கப்பட்டது. நிர்வாக சபை ஆண்டு முழுவதும் ஒழுங்காகக் கூடியது; கூட்ட நிறைவெண் எப்போதும் ஒழுங்காகக் கூடவில்லை. வாணி விழா வழமைபோல் நடந்தது. விளையாட்டுப் போட்டி மழையால் ஒரு வாரம் தள்ளிப்போனது. பொங்கல் விழா சிறப்பாக நடந்தது. சந்தா கட்டாதவர்களும் குறைவின்றி வந்து சிறப்பித்தார்கள். தமிழ்ப் பரீட்சைக்குத் தோற்றிய மாணவர்கள் அனைவரும் சித்தியடைந்தார்கள். அவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் சங்கத்தின் பாராட்டுகள்.

இனி, இந்த ஆண்டு புதிதாகத் தொடங்கிய வாசிப்பு வட்டம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதைப் பற்றி மண்டபத்துக்கு உள்ளேயும் வெளியேயும், வாட்ஸ்அப் குழுவிலும் பலவிதமாகப் பேசப்பட்டதால் விரிவைச் சபையோர் பொறுத்தருள வேண்டும்.

ஒவ்வொரு செப்டம்பரிலும் சில பெற்றோர் ஒரே கேள்வியோடு என்னிடம் வருவது வழக்கம். பிள்ளையின் பாடசாலைப் பதிவில் இ.ஏ.எல்., அதாவது ஆங்கிலம் கூடுதல் மொழி, என்று போட்டிருக்கிறார்கள், அப்படியானால் பிள்ளை பின்தங்கிவிட்டதா என்பது அந்தக் கேள்வி. அடுத்ததாக ஒரு முடிவையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: இனி வீட்டில் ஆங்கிலம் மட்டும், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு வேண்டாம். இப்படிப் போன பிள்ளைகள் பலர். போகும்போது மீதிச் சந்தாவைக் கட்டிவிட்டுப் போனவர்கள் மிகச் சிலர்.

ஆகவே, கூடுதல் மொழியாக ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் உண்மையில் என்ன கண்டிருக்கிறார்கள் என்பதைப் பெற்றோர் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்கலாம் என்று நிர்வாக சபையில் பிரேரித்தேன். தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பும் வந்தது. தமிழ் வளர்க்கும் சங்கத்தில் ஆங்கிலத்துக்கு என்ன வேலை என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அவருக்கு அன்று சொன்ன பதிலை இங்கே பதிவுக்காகத் திரும்பச் சொல்கிறேன்.

பிரித்தானியாவில் குடியேறியோரின் பிள்ளைகளை வைத்து அரசாங்கம் பலவற்றைச் செய்து பார்த்திருக்கிறது. 1965ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒரு பாடசாலையில் அப்பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற போக்கில் எழுதப்பட்டது. சவுத்தோலிலும் பிராட்ஃபோர்டிலும் சின்னஞ்சிறுசுகளை பஸ்ஸில் ஏற்றித் தூரத்துப் பாடசாலைகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். பிறகு தனி மொழி நிலையங்கள் வந்தன. 1975இல் வெளியான புல்லொக் அறிக்கை, பாடசாலை வாசலைத் தாண்டும்போது பிள்ளை தன் வீட்டு மொழியைக் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும் என்று எதிர்பார்க்கக்கூடாது என்றது. 1985இல் சுவான் அறிக்கை, தனி நிலையங்கள் வேண்டாம், எல்லோரும் ஒரே வகுப்பில் படிக்கட்டும் என்றது. அதே அறிக்கை, தாய்மொழியைப் பேணுவது அந்தந்தச் சமூகத்தின் பொறுப்பு என்றும் எழுதிவிட்டுக் கையைக் கழுவியது. அந்தப் பொறுப்பைத்தான் நாம் சனிக்கிழமைதோறும் வாடகை கொடுத்துச் சுமக்கிறோம். பாடசாலைக்குப் பிள்ளையின் ஆங்கிலம் மட்டும் தெரியும். இரண்டு மொழியிலும் அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்று காணக்கூடிய இடம் இந்த மண்டபம்தான். ஆங்கிலம் பற்றி நாம் வாசிக்காமல் வேறு யார் வாசிப்பது?

மூத்த உறுப்பினர் பதிலை ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை. வட்டத்துக்கு அவர் வரவில்லை.

வாசித்தவற்றில் முக்கியமானவை இவை. முதலாவது, இ.ஏ.எல். என்பது பிள்ளையின் தரத்தைப் பற்றிய தீர்ப்பு அல்ல. வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பழக்கத்தில் இருக்கிறது, அல்லது இருப்பதாக நம்பப்படுகிறது என்பது மட்டுமே அதன் பொருள். நேற்று கட்டுநாயக்கவில் விமானம் ஏறிய பிள்ளைக்கும் அதே குறி. இங்கேயே பிறந்து, அம்மம்மாவுக்கு டாக்டரிடம் மொழிபெயர்த்துச் சொல்லும் பிள்ளைக்கும் அதே குறி. இங்கிலாந்தின் பாடசாலைப் பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இந்தக் குறிக்குள் வருகிறார்கள். இவ்வளவு பேரை ஒரே கூடையில் போட்டுவிட்டு அந்தக் கூடை நல்லதா கெட்டதா என்று கேட்பதில் அர்த்தமில்லை.

ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் ஸ்ட்ராண்ட் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். அவரும் அன்னினா ஹெசலும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், இப்பிள்ளைகளின் பெறுபேறுகளுக்கு இடையிலான வேறுபாட்டில் 22 சதவீதம் வரை ஆங்கிலத் தேர்ச்சியின் படிநிலையாலேயே விளக்கப்படுகிறது. ஆணா பெண்ணா, எந்த இனக்குழு, இலவச மதிய உணவு பெறுகிறதா என்ற விவரங்கள் வழக்கமாக விளக்குவது 3 அல்லது 4 சதவீதமே. ஆங்கிலத்தில் தேர்ந்த நிலையை அடைந்த இருமொழிப் பிள்ளைகள், ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைகளைவிட நன்றாகவே செய்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுவது பிள்ளையைப் பிடித்து வைத்திருக்கிறது என்றால் இது எப்படி நடக்கும் என்று வட்டத்தில் ஒரு தாய் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே வட்டம் நடத்தியது தகும் என்று நினைத்தேன்.

அந்தப் படிநிலையை ஏ (A) முதல் ஈ (E) வரை ஐந்து ஆங்கில எழுத்துகளில் குறிக்கிறார்கள்; ஏ என்றால் ஆங்கிலத்துக்குப் புதிது, ஈ என்றால் சரளம். 2016 இலையுதிர்காலக் கணக்கெடுப்பில் இங்கிலாந்து அரசாங்கம் அதை எல்லாப் பாடசாலைகளிடமும் கேட்கத் தொடங்கியது. 2018இல் கேட்பதை நிறுத்திவிட்டது. பயனுள்ள ஒன்றை இரண்டே ஆண்டில் கைவிடுவது நமது சங்கத்தின் தனிப் பழக்கம் அல்ல என்று அறிந்து ஆறுதல் அடைந்தேன். பல பாடசாலைகள் பெல் அறக்கட்டளையின் மதிப்பீட்டு முறை போன்றவற்றைக் கொண்டு இன்னும் படிநிலையைக் கணித்துத்தான் வருகின்றன. கேட்கும் பெற்றோருக்குச் சொல்வார்கள். நம்மவர்கள் கேட்பதில்லை.

அடுத்தது காலம். கனடாவின் கல்வி ஆராய்ச்சியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இலேயே இரண்டு வகைத் தேர்ச்சியைப் பிரித்துக் காட்டினார். விளையாட்டுத் திடலில் பேசும் ஆங்கிலம் இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும். பாடப்புத்தகத்தையும் பரீட்சைத் தாளையும் சமாளிக்கும் ஆங்கிலத்துக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வேண்டும். வேல்ஸ் பாடசாலைகளின் தரவை வைத்து ஸ்ட்ராண்டும் ஏரியல் லிண்டோர்ஃபும் பார்த்தபோதும், ரிசப்ஷன் எனும் ஆரம்ப வகுப்பில் ஆங்கிலமே தெரியாமல் சேர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஆறு ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டது. இங்கிலாந்தில் பாடசாலை நிதிக் கணக்கு அப்பிள்ளைக்கெனக் கூடுதல் பணம் ஒதுக்குவது அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்கு. எஞ்சிய ஆண்டுகளில் அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்பதை நிதிக் கணக்குப் போட்டவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இந்த இடைவெளியில்தான் நமது பெற்றோர் ஏமாறுகிறார்கள். பிள்ளை சரளமாகப் பேசுகிறது, புத்தகத்தை உரக்க வாசிக்கிறது. ஆகவே எல்லாம் வந்துவிட்டது என்று நம்புகிறார்கள். எழுத்தைக் கூட்டி வாசிப்பதில் இருமொழிப் பிள்ளைகள் மற்றவர்களுக்குச் சளைப்பதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பின்தங்குவது சொல்வளத்தில், அதனால் வாசித்ததை விளங்கிக்கொள்வதில். பத்து வயதில் பரீட்சைத் தாள் கனக்கத் தொடங்கும்போதுதான் வீட்டில் கலவரம் எழுகிறது. உடனே வெட்டப்படுவது தமிழ் வகுப்பு.

கம்மின்ஸின் மற்றொரு கருத்து, ஒரு மொழியில் விளங்கிய விடயம் மற்ற மொழிக்கும் உதவும் என்பது. ஆவியாதல் என்றால் என்ன என்று தகப்பன் சமையலறையில் கேத்திலைக் காட்டித் தமிழில் விளக்கியிருந்தால், பாடசாலையில் அந்தப் பிள்ளை கற்க வேண்டியது ஒரு புதிய சொல்லை மட்டும். தகப்பன் தனக்கு வராத ஆங்கிலத்தில் மூன்று சொல் பேசிவிட்டு நிறுத்திக்கொண்டால், விடயமும் இல்லை, சொல்லும் இல்லை. இரவு வேலை முடித்து வரும் தகப்பன்மாருக்கு இதை இன்னும் மென்மையாகச் சொல்லியிருக்கலாம் என்று தலைவர் அபிப்பிராயப்பட்டார். மென்மையாகச் சொன்னால் வாட்ஸ்அப்பில் யாரும் வாசிப்பதில்லை.

ஒரு விளக்கமும் தர வேண்டியிருக்கிறது. தமிழ் படித்தால் ஆங்கிலத்தில் புள்ளி கூடும் என்று செயலாளர் உத்தரவாதம் கொடுத்ததாக ஒரு செய்தி குழுவில் சுற்றியது. அப்படி நான் எங்கும் சொல்லவில்லை. வீட்டில் தமிழ் பேசுவது ஆங்கிலத்தைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னேன். இரண்டும் வேறு வேறு. எந்தக் கற்பித்தல் முறை இப்பிள்ளைகளுக்கு உண்மையில் பலன் தருகிறது என்று சோதித்துப் பார்த்த ஆய்வுகளே குறைவு. 2015இல் ஒக்ஸ்ஃபோர்டின் விக்டோரியா மர்ஃபி அவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது, கிடைத்தவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவையாக இருந்தன. அங்கே ஸ்பானிய மொழி பேசும் பிள்ளைக்குப் பலித்தது இங்கே லண்டனின் மிச்சம் (Mitcham) பகுதியில் தமிழ் பேசும் பிள்ளைக்கும் பலிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. இதையும் வட்டத்தில் சொன்னேன். குழுவில் சுற்றியது மற்றதுதான்.

வாசித்ததன் பயனாக, பாடசாலைப் பெற்றோர் சந்திப்பில் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு பக்கத்தில் தொகுத்தோம். பிள்ளை ஏ முதல் ஈ வரை எந்தப் படியில் நிற்கிறது. பேச்சு, வாசிப்பு, எழுத்து ஒவ்வொன்றிலும் தனித்தனியாக எங்கே. வரும் வாரப் பாடத்தின் முக்கிய சொற்களை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்ப முடியுமா. புதிதாகச் சேர்ந்த பிள்ளை சில மாதங்கள் வாய் திறக்காமல் இருந்தால் அதை மந்தம் என்று எழுதாமல் பொறுத்திருக்கிறார்களா. ஒரு பெற்றோர் இந்தத் தாளைக் கொண்டுபோய்க் கேட்டதில், வகுப்பாசிரியை மகிழ்ந்து தாளைப் பிரதியெடுத்து வைத்துக்கொண்டாராம். நமது உறுப்பினர்களுக்கென அச்சிட்ட பிரதிகளில் ஒரு கட்டு, பொங்கல் விழாவில் சாம்பார்ப் பாத்திரத்தின் கீழ் விரிக்கப்பட்டிருந்தது. யார் விரித்தார் என்று நான் விசாரிக்கவில்லை. அச்சிட்ட செலவையும் சங்கத்திடம் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பது மட்டும் இங்கே பதிவாகட்டும்.

வட்டத்தின் வருகை பற்றி நீட்டிச் சொல்ல விரும்பவில்லை. தொடக்க நாளில் கதிரை போதவில்லை. பிறகு கதிரைகள் போதுமானவையாக இருந்தன. கடைசி வரை வந்தவர்கள் பெரும்பாலும் அம்மாமார். நிர்வாக சபையில் தீர்மானத்துக்குக் கை உயர்த்தியவர்களில் சிலரை நான் வட்டத்தில் ஒருமுறையும் காணவில்லை.

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் பற்றியும் சொல்ல வேண்டும். கிராமர் பாடசாலைக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும் பதினொன்று கூட்டல் (11+) பரீட்சை நெருங்கியதும் அந்த வயதுப் பிள்ளைகள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலிருந்து மறைந்து, அதே நேரத்தில் நடக்கும் டியூஷனில் தோன்றுகிறார்கள். கிராமர் பாடசாலை ஆசை தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே மணிக்கணக்கில் பணம் கொடுத்து வாங்குவது பெரும்பாலும் சொல்வளம்தான். டியூஷன் கட்டணம் முற்பணமாகப் போகிறது. நமது சந்தா, ஆண்டு முழுவதற்குமான தொகை, அங்கே ஒரு சில மணிநேரத்துக்கு ஈடாகாது. அது அடுத்த மாதம், அடுத்த தவணை, அடுத்த பொங்கல் என்று நகர்கிறது. நினைவூட்டல் அனுப்பினால் இரண்டு நீலச் சரி அடையாளம் வருகிறது, பணம் வருவதில்லை. பெயர்களை வாசிக்கும்படி ஒரு உறுப்பினர் எழுத்தில் கேட்டிருக்கிறார். சங்கத்தின் கண்ணியம் கருதி வாசிக்கவில்லை. பட்டியல் என் கோப்பில் இருக்கிறது.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு எதிர்பார்த்ததைவிடக் கூடுதல். மண்டப வாடகை உயர்ந்ததே முக்கிய காரணம். ஆண்டிறுதியில் கையிருப்பு உண்டு. கணக்காய்வாளர் கேட்ட சில பற்றுச்சீட்டுகள் தேடி எடுக்கப்பட்டு வருகின்றன.

தலைவருக்கும், பொருளாளருக்கும், ஊதியம் பாராது கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், மண்டபப் பொறுப்பாளருக்கும், விழாக்களில் ஒலிபெருக்கி தந்து உதவிய அன்பருக்கும், தேநீர் ஏற்பாடு செய்த மகளிர் குழுவுக்கும் நன்றி. பெயர் விடுபட்டவர்கள் மன்னிக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு வாடகை மேலும் கூடும் என்று அறிவித்திருக்கிறார்கள். சந்தா இப்போதுபோலவே வந்தால் மேல் வகுப்புகள் இரண்டை ஒன்றாகச் சேர்க்க நேரிடலாம். வாசிப்பு வட்டத்தைத் தொடர்வதா என்பதைப் புதிய நிர்வாக சபை முடிவு செய்யட்டும். தொடர்ந்தால், சின்னப் பிள்ளைகளின் பெற்றோரிலிருந்து தொடங்குவது நல்லது, பத்து வயதில் வருபவர்கள் டியூஷன் அட்டவணையோடுதான் வருகிறார்கள். செயலாளர் பதவிக்கு இதுவரை எவரும் விண்ணப்பிக்கவில்லை. நான் மீண்டும் நிற்பேன் என்று யாரும் எண்ண வேண்டாம். நிற்கமாட்டேன் என்றும் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. அது வேறு சில விடயங்களைப் பொறுத்தது, அவற்றை மேலே குறிப்பிட்டிருக்கிறேன்.

விண்ணப்பப் படிவங்கள் மேடை அருகே இருக்கின்றன. தேநீர் முடியும் வரை பொருளாளர் வாசல் மேசையில் பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் அமர்ந்திருப்பார். இந்த ஆண்டு முதல் வங்கி அட்டையிலும் சந்தா கட்டலாம்.

செயலாளர்