பரீராவின் கேள்வியைப் பாடத்தில் சேருங்கள்

அரபுக் கல்லூரிகளில் ஃபிக்ஹு (இஸ்லாமியச் சட்டம்) நடத்தும் உஸ்தாதுமார்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் ஓதிய காலத்தில், நிக்காஹ் பாடத்தில் அடிமைகள் பற்றிய இடம் வந்தாலே "இதெல்லாம் இப்போது இல்லை" என்று உஸ்தாத் தாளைப் புரட்டிவிடுவார். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் அப்படித்தான் நடத்தியிருப்பார்கள். சவுதி அரேபியாவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்ததே 1962இல்தான் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரியும். அந்தப் பக்கங்களை விட்டால் நிக்காஹ் சட்டம் பாதிதான் புரியும் என்பது உறைக்க இன்னும் நாளானது.

தலாக்கையே எடுங்கள். சுதந்திரமானவருக்கு மூன்று முறை, அடிமைக்கு இரண்டு முறை. சரி, கணவன் அடிமை, மனைவி சுதந்திரமானவள் என்றால்? நான்கு மத்ஹபுகளில் (சட்டப் பிரிவுகளில்) ஷாஃபி மத்ஹப் கணவனின் நிலையைப் பார்க்கிறது, ஹனஃபி மனைவியின் நிலையை. மதீனாவிலும் கூஃபாவிலும் இருந்த அன்றைய இமாம்கள், ஆளை விலைபேசும் சந்தை இருந்த ஊர்களில் உட்கார்ந்து யோசித்தவர்கள். எஜமானின் உடைமைக்கு 'மில்க்' என்றார்கள். நிக்காஹ்வால் கணவனுக்குக் கிடைப்பதற்கும் அதே சொல்தான். தலாக்கையும் அடிமை விடுதலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாதிட்டார்கள். மனைவியை அடிமை என்று அவர்கள் சொல்லவில்லை. அவளை விற்க முடியாது, கணவன் தரும் மணக்கொடையான மஹர் அவளுக்கே சொந்தம். ஆனாலும் அந்த ஒப்பீடு கணவனின் அதிகாரத்துக்கு என்ன வடிவம் கொடுத்தது என்பதை ஓதுகிற பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டாமா?

அப்புறம் பரீரா (ரலி), நபி (ஸல்) காலத்தில் மதீனாவில் அடிமையாக இருந்த பெண். ஆயிஷா (ரலி) அவரை விலைக்கு வாங்கி உரிமை விட்டார்கள். கணவர் முகீஸ் (ரலி) அடிமை. விடுதலையானதும், சேர்ந்து வாழ்வதா பிரிவதா என்ற முடிவு பரீராவின் கைக்கு வந்தது. பிரிந்துவிட்டார். மதீனாத் தெருக்களில் முகீஸ் அழுதபடி பின்னாலேயே சுற்றினார், கண்ணீர் தாடியில் வழிந்தது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். திரும்பிப் போகக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்களே கேட்டார்கள். "எனக்குக் கட்டளையிடுகிறீர்களா?" என்றார் பரீரா. "இல்லை, பரிந்துரைதான்." "அப்படியென்றால் அவர் எனக்குத் தேவையில்லை."

நேற்றுவரை அடுத்தவர் உடைமையாக இருந்த பெண் கேட்டது அது. கேட்டதற்காக அவரை யாரும் கண்டிக்கவில்லை. ஹதீஸ் வகுப்பில் நாங்கள் எழுதிக்கொண்டதோ, கணவன் சுதந்திரமானவனாக இருந்தாலும் அந்த உரிமை உண்டா என்ற இக்திலாஃபை (கருத்து வேறுபாட்டை) மட்டும்: ஹனஃபியில் உண்டு, மற்ற மூன்றிலும் இல்லை. பரீரா கேட்ட கேள்வியில் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

ஷவ்வால் மாதத்தில் வகுப்பு தொடங்கும்போது அந்தப் பக்கங்களைப் புரட்டாமல் நடத்துங்கள். பெண்கள் மத்ரஸாவிலும்.

வஸ்ஸலாம்.